பூம்பாறை மேட்டில் இரண்டு வெளிச்சங்கள்: பட்டாளம் இதையெல்லாம் எப்படி விசாரிக்கிறது?

பூண்டுக்காடு | ஆகஸ்ட் 13, 2025, காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிறோம். காட்டுமாடு இறங்குவதால் ஒரு மாதமாக நானும் சித்தப்பாவும் முறை வைத்து ராத்திரிக் காவலுக்குப் போகிறோம். ஜூலை கடைசியிலிருந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். விடியற்காலை நாலேகால், நாலரை மணிக்குக் கிழக்கே, கொடைக்கானல் பக்கத்து மேட்டுக்கு மேலே இரண்டு வெளிச்சங்கள். ஒன்று கண்ணைப் பறிக்கும் வெள்ளை. இன்னொன்று அதைவிட மங்கல், ஆனால் சுற்றியுள்ள எந்த நட்சத்திரத்தையும் விடப் பெரிது. மேட்டைத் தாண்டி எழும்போது சிவப்பும் பச்சையுமாக மினுக்கும். சும்மா பார்த்தால் நிற்கிறது, உற்றுப் பார்த்தால் மெல்ல அசைகிறது.

முதலில் மேலே வெள்ளை, கீழே மங்கல். கையை நீட்டிப் பிடித்தால் நடுவில் ஒரு முஷ்டிக்கு மேல் இடைவெளி இருந்தது. மூடுபனி போட்ட நாட்களை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் நெருங்கியே வந்திருக்கின்றன. நேற்று விடியலில் ஒரு விரல் அகலத்துக்குள் ஒட்டிவிட்டன. நட்சத்திரங்கள் இப்படி ஒன்றையொன்று நெருங்கிப் போகாது என்றுதான் பள்ளியில் படித்தேன். ஊரில் ட்ரோன் என்கிறார்கள். ஒரு பாட்டி வேறு மாதிரி சொல்கிறார்.

சித்தப்பா போன வருஷம் மன்னவனூரில் இன்னொன்று பார்த்திருக்கிறார். செம்மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டை, பள்ளத்துக்குள் இறங்கி மறுபடி ஏறிப் போனதாம். பொய் சொல்கிற மனிதர் இல்லை.

ராணுவத்தில் இருந்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதையெல்லாம் நம் பட்டாளம் விசாரித்தது உண்டா? விசாரித்தால் என்ன கேட்பார்கள்?

கோத்தகிரி மேகம் | ஆகஸ்ட் 13, காலை 11:15

நண்பரே, இப்போதே வந்து “அது வெள்ளிக்கிரகம், போய்த் தூங்குங்கள்” என்று ஒரு வரியில் முடிப்பார்கள். அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது.

1948 ஜனவரி 7, அமெரிக்காவின் கென்டக்கி. தாமஸ் மான்டெல் என்ற கேப்டன், வானத்தில் தெரிந்த பெரிய பொருளைத் துரத்தி முஸ்டாங் விமானத்தில் ஏறினார். ஆக்சிஜன் வசதி இல்லாமலேயே இருபதாயிரம் அடிக்கு மேல் போனார். விமானம் விழுந்து இறந்தார். வயது 25. விமானப்படை முதலில் என்ன சொன்னது தெரியுமா? அவர் துரத்தியது வெள்ளிக்கிரகம் என்றது. பட்டப்பகலில்! பிற்பாடுதான் அது ஸ்கைஹுக் என்ற ராட்சத பலூனாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கடற்படை ரகசியமாகப் பறக்கவிட்ட பலூன் அது. துரத்தியவருக்கும் தெரியாது, முதலில் விசாரித்தவர்களுக்கும் தெரியாது.

பட்டாளத்துக்கே பட்டாளத்தின் ரகசியம் தெரியாதபோது விசாரணை எப்படி உருப்படும்? இதுதான் என் அடிப்படைக் கேள்வி. பார்த்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு கிரகத்தை இழுத்து வந்து வைக்கக் கூடாது.

வெலிங்டன் தம்பி | ஆகஸ்ட் 13, இரவு 8:05

நான் மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். வடக்கு எல்லையில் இரண்டு இடங்களில் சென்ட்ரி, அதாவது காவல், நின்றிருக்கிறேன். மேகம் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதியைப் பிறகு சொல்கிறேன்.

பூண்டுக்காடு தம்பி, பட்டாளம் உங்களிடம் முதலில் கேட்கப்போவது “என்ன பார்த்தாய்” என்று இல்லை. எத்தனை மணிக்கு, எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனை டிகிரி உயரம், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் நகர்ந்தது, சத்தம் இருந்ததா, கூட வேறு யார் பார்த்தார்கள். இவ்வளவும் லாக் புத்தகத்தில் ஏறும். “ட்ரோன் மாதிரி இருந்தது” என்று எழுதினால் மேலே இருப்பவர் அடித்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுது என்பார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு, உடம்பு குளிரில் விறைத்து, கண் எரியும்போது, இருட்டில் ஒற்றை வெளிச்சத்தையே பார்த்தால் அது நிச்சயம் அசையும். எனக்கு அசைந்திருக்கிறது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் கண் தானாக அலைகிறது, அதை மூளை வெளிச்சத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. ஒரு கம்பை நட்டு, அதன் நுனிக்கு நேராக வெளிச்சம் வரும்படி உட்கார்ந்து, தலையை எதிலாவது சாய்த்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். ட்ரோன் என்றால் இஷ்டத்துக்குப் போகும். வானத்துப் பொருள் என்றால் சீராக மேலேறி மேற்கே சாயும். நாளைக்கே செய்யுங்கள்.

இன்னொன்று. சென்ட்ரி ஒருவன் வெளிச்சம் பார்த்தேன் என்று சொன்னால் அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். அந்த அடுத்த முறை நிஜ ஆள் வருவான். இதை நான் மனதார நம்புகிறேன்.

பர்லியார் வண்டி | ஆகஸ்ட் 14, காலை 6:50

ஐயா சொன்ன கம்பு யோசனை நல்லது. நான் மேட்டுப்பாளையம், குன்னூர் ரோட்டில் இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறேன். பள்ளத்தில் மேகம் நிரம்பி இருக்கும்போது எதிர் மலையில் ஒரு வண்டி கொண்டை ஊசி வளைவு திரும்பினால், ஹெட்லைட் ஆகாயத்தில் மிதந்து வந்து, இறங்கி, காணாமல் போய், மறுபடி மேலே ஏறும். ரோடு தெரியாது, மலையும் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். மூடுபனியில் மஞ்சள் விளக்கு சிவந்து உருண்டையாகத்தான் தெரியும். உங்கள் சித்தப்பா சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அதுதான் என்று சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து எதிரே ரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் அப்பத்தா இதையெல்லாம் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார். சதுப்பில் மக்கிய செடிகொடியிலிருந்து வரும் வாயு எரிவதுதான் அது என்று பள்ளியில் சொன்னார்கள். ஆனால் நான் ஒரு தடவைகூட பார்த்ததில்லை.

கோத்தகிரி மேகம் | ஆகஸ்ட் 14, காலை 10:30

பர்லியார் அண்ணன் கொள்ளிவாய்ப் பிசாசைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப்படையே அதைக் காரணமாகச் சொல்லி மாட்டிக்கொண்டது. 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் நிறையப் பேர் வெளிச்சங்களைப் பார்த்தார்கள். விமானப்படையின் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் போய்ப் பார்த்துவிட்டு, சதுப்பு வாயுவாக இருக்கலாம் என்றார். ஊரே கொதித்தது. பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு அப்போது அந்த மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குப் போன உறுப்பினர். நாடாளுமன்ற விசாரணை வேண்டும் என்று அவர் கேட்கும் அளவுக்குப் போனது.

அந்த ஹைனெக்கின் கதையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது என்று நம்பி விமானப்படையோடு சேர்ந்தவர். இருபது வருஷம் அறிக்கைகளைப் படித்தபின், இவர்கள் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1973இல் தனியாக ஒரு ஆய்வு மையமே தொடங்கினார். வேற்றுலகவாசி வந்தான் என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருந்து பார்த்தவரே விசாரணை சரியில்லை என்றார். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கானல் டீச்சர் | ஆகஸ்ட் 14, மாலை 5:20

பூண்டுக்காடு தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரி மிக அருமையான பதிவு. முதலில் மேலே வெள்ளை, கீழே மங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துச் சொல்கிறேன். வெள்ளை வெளிச்சம் வெள்ளி, நம் ஊர் விடிவெள்ளி. மங்கலானது வியாழன். ஆகஸ்ட் 12 அன்று இரண்டும் ஒரு டிகிரிக்கும் குறைவாக நெருங்கின. நீங்கள் பார்த்த “ஒரு விரல்” சரியான அளவு. நட்சத்திரங்கள் நெருங்காது என்று படித்ததும் சரிதான். கோள்கள் நெருங்கும். அடிவானத்தில் சிவப்பும் பச்சையும் தெரிவது, தடித்த, அலைபாயும் காற்று வழியே வரும் ஒளி வளைந்து நிறம் நிறமாகப் பிரிவதால்.

மேகம் தம்பி கேட்டது நியாயம். ஒரு வரியில் கிரகம் என்று சொன்னால் போதாது, சோதிக்க முடிய வேண்டும். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். இனி இரண்டும் விலகும். ஆனால் இடம் மாறியிருக்கும்: மங்கலானது மேலே, வெள்ளை கீழே. ஆகஸ்ட் 20 விடியற்காலை மெல்லிய தேய்பிறை இவற்றின் அருகே நிற்கும். 21 அன்று பிறை இன்னும் மெலிந்து, வெள்ளிக்கும் கீழே இறங்கியிருக்கும். இப்படி நடக்காவிட்டால் நான் சொன்னது தவறு.

நம் பட்டாளம் விசாரித்ததா என்று கேட்டீர்கள். விசாரித்தது, அதுவும் இதே இரண்டு கோள்களை. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில், பாங்கோங் ஏரிப் பக்கம் தாக்குங் என்ற இடத்தில் நம் வீரர்கள் 329 முறை வெளிச்சங்களைப் பதிவு செய்தார்கள். அதில் 155 முறை எல்லை தாண்டிய ஊடுருவல் என்று கருதப்பட்டது. சீனாவின் உளவு ட்ரோன்கள் என்ற சந்தேகம். கடைசியில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். வானியலாளர்கள் வீரர்களிடம் வாங்கியது ஹவில்தார் ஐயா சொன்ன அதே விவரம்தான்: நேரம், திசை, உயரம், நட்சத்திரங்களை ஒப்பிட்டு எப்படி நகர்கிறது. ஒன்று மாலை 6 மணிவாக்கில் தோன்றி விடியற்காலை 5 வரை தெரிந்தது. மற்றது விடியற்காலை 4 மணிக்குத் தோன்றி முற்பகல் 11 வரை. முதலாவது வியாழன், இரண்டாவது வெள்ளி. அந்த உயரத்தில் காற்று அவ்வளவு மெல்லியதாகவும் தெளிவாகவும் இருப்பதால் வெள்ளியைச் சூரியன் ஏறிய பிறகும் பார்க்க முடிந்திருக்கிறது.

அந்த நிறுவனம் நமக்கு அந்நியமில்லை. 1899இல் தொடங்கிய நம் கொடைக்கானல் அப்சர்வேட்டரி அதனுடையதுதான். 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது இந்த மேட்டில்தான். உங்கள் இரண்டு வெளிச்சங்களும் அதே மேட்டுப் பக்கத்திலிருந்து எழுகின்றன என்று படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வெலிங்டன் தம்பி | ஆகஸ்ட் 14, இரவு 9:10

டீச்சர், லடாக் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். செய்தி வந்தபோது “பட்டாளம் கிரகத்தைப் பார்த்துப் பயந்தது” என்று நாடு முழுக்கப் பேசினார்கள். மனசு கஷ்டப்பட்டது. எதிரே நிஜமாகவே ஆள் இருக்கிற எல்லை அது. ரேடாரில் ஒன்றும் விழவில்லை, கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அந்த நிலையில் 329 தடவை சலிக்காமல் எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதனால்தான் விடை கிடைத்தது. இரண்டு பேர் சோம்பல்பட்டு எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அது மர்மம்தான்.

கோத்தகிரி மேகம் | ஆகஸ்ட் 15, காலை 8:00

ஐயா, உங்கள் வேதனை புரிகிறது. டீச்சர் முன்கூட்டியே தேதி போட்டதற்கு மரியாதை. இப்படிச் சொல்வதைத்தான் நான் கேட்டேன்.

ஆனாலும் என் தரப்பை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1947 ஜூனில் கென்னத் அர்னால்டு என்ற விமானி ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருட்களைப் பார்த்ததாகச் சொன்னதிலிருந்து “பறக்கும் தட்டு” என்ற பேச்சு பிறந்தது. விமானப்படை முதலில் சைன், அப்புறம் க்ரட்ஜ், 1952 முதல் ப்ளூ புக் என்று திட்டம் திட்டமாக விசாரித்தது. 1969இல் மூடும்போது மொத்தம் 12,618 அறிக்கைகள். அதில் 701க்கு விடை இல்லை. நூற்றுக்கு ஐந்தரை.

பார்த்தவனுக்கு விவரம் போதாததால்தான் அந்த 701ம் மிஞ்சியது என்பார்கள். அப்படி இல்லை. போதிய விவரம் இல்லாதவற்றை அவர்கள் தனிக் கணக்கில் வைத்தார்கள். 1955இல் வெளியான ப்ளூ புக்கின் சிறப்பு அறிக்கை 14இல் 3,201 சம்பவங்களை அலசினார்கள். சாட்சியம் தரமானதாக இருந்த சம்பவங்களில்தான் விடை தெரியாதவற்றின் பங்கு கூடுதல், மட்டமான சாட்சியங்களில் குறைவு. விவரம் கூடினால் மர்மம் தீரும் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

கானல் டீச்சர் | ஆகஸ்ட் 15, மதியம் 2:45

இது கனமான வாதம். இரண்டு நாள் யோசிக்கலாம் என்றிருந்தேன், முடியவில்லை.

ஒரு பதில் இருக்கிறது, முழுப் பதில் இல்லை. தரமான சாட்சியம் என்று அவர்கள் வைத்தது பெரும்பாலும் சாட்சியின் நம்பகத்தையும் அறிக்கை முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் இருப்பதையும். விமானி, ராணுவத்தான் சொன்னால் மதிப்பு ஏறும். ஆனால் நம்பகமான மனிதர் வேறு, அளவு எடுத்த பதிவு வேறு. மான்டெல்லை விட நம்பகமான சாட்சி யார்? அவருக்கும் பலூன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. அளவு தெரியாத பொருளின் தூரத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட யாராலும் முடியாது. லாரி அண்ணனின் ஹெட்லைட்டும் அப்படித்தான்.

அதே சமயம், தெரியாததைத் தெரியாது என்று வைக்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். இப்போது அமெரிக்க ராணுவத்தில் இப்படிப்பட்ட அறிக்கைகளை விசாரிக்க 2022இல் தொடங்கிய புது அலுவலகம் ஒன்று இருக்கிறது. 2023 மே முதல் 2024 ஜூன் வரை அவர்களுக்கு 757 அறிக்கைகள் வந்தன. பலூன், பறவை, ட்ரோன், செயற்கைக்கோள் என்று பல தீர்ந்தன. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசையைப் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. 21 சம்பவங்களை மட்டும் மேலும் ஆராய வேண்டியவை என்று ஒதுக்கினார்கள். பெரும்பகுதியை, விவரம் போதாது என்று கிடப்பில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கருவிகள் வந்தபின்னும் அதே குறைதான்.

நம் நாட்டில் 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேல் ஏதோ பறப்பதாகத் தெரிந்து விமானங்களை நிறுத்தினார்கள். விமானப்படை ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடியது. எதுவும் கண்ணில் படவில்லை.

பர்லியார் வண்டி | ஆகஸ்ட் 15, இரவு 7:30

எனக்கு ஒரு சந்தேகம். ஊட்டியில் முத்தொரையில் மலைச்சரிவில் நீளமாக ஒரு டெலஸ்கோப் இருக்கிறதே, அது இந்த மாதிரி பறக்கும் பொருளைப் பார்க்கத்தான் என்று எங்கள் ஸ்டாண்டில் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?

கானல் டீச்சர் | ஆகஸ்ட் 15, இரவு 8:15

இல்லை அண்ணா. அது ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இல் அமைத்தது. வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. துடிவிண்மீன்கள், சூரியக் காற்று இவற்றிலிருந்து வரும் ரேடியோ அலையைக் கேட்கிறது. சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 11 டிகிரி இருக்கும்படி இடம் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒன்பதரை மணி நேரம் ஒரு பொருளைத் தொடரலாம். அந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

பூண்டுக்காடு | ஆகஸ்ட் 18, காலை 7:20

கம்பு நட்டுப் பார்த்தேன். பதினைந்தாம் தேதி மேகம். பதினாறு, பதினேழு இரண்டு நாளும் கிடைத்தது. காவல் குடிசைத் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் இரண்டும் ஒன்றாக, ஒரே வேகத்தில் கம்பு நுனியைத் தாண்டி மேலே ஏறின. ஆட்டம் எதுவும் இல்லை. கண்தான் ஆட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் சொன்னபடி மங்கலானது மேலே வந்துவிட்டது.

ஐயா, இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இல்லை. மூன்று வாரம் பார்த்தேன், எழுதினேன், இப்போது என்ன என்று தெரிகிறது.

பூண்டுக்காடு | ஆகஸ்ட் 21, காலை 6:40

20ஆம் தேதி மூன்று மணியிலிருந்து ஒரே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் அப்படியே போகும் என்று நினைத்தேன். 4:50க்கு ஒரு பத்து நிமிஷம் கிழித்துக்கொண்டு விலகியது. மேலே வியாழன், அதற்குக் கீழே வெள்ளி, அதற்கும் கீழே நகக்கண் மாதிரி பிறை. சித்தப்பாவை எழுப்பிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நான் மன்னவனூரில் பார்த்தது இது இல்லை” என்றார்.

வெலிங்டன் தம்பி | ஆகஸ்ட் 21, காலை 8:00

அவர் சொல்வதை நம்புங்கள். இதற்கு விடை கிடைத்ததால் அதற்கும் கிடைத்துவிட்டது என்று ஆகாது. அவரை அந்த இடத்துக்கே கூட்டிப் போய் நிற்க வையுங்கள். வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், கையால் காட்டச் சொல்லுங்கள். எங்கே தோன்றியது, எங்கே மறைந்தது என்று இரண்டு இடத்திலும் காம்பஸ் வைத்து எண்ணை எழுதுங்கள். நீங்களாக ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

பூண்டுக்காடு | ஆகஸ்ட் 24, மாலை 6:10

இன்று போனோம். எந்த இடத்தில் நின்றார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, நேராகப் போய் ஒரு பாறைப் பக்கம் நின்றார். கையால் காட்டினார். போன் காம்பஸில் தோன்றிய இடம் 250 டிகிரி, மறைந்த இடம் 244. நேரம் “சாப்பிட்ட பிறகு” என்கிறார். மாதம் மாசியா பங்குனியா என்று தெரியவில்லை. சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, ஒரு பீடி முடிகிற நேரம் என்றார்.

பர்லியார் வண்டி | ஆகஸ்ட் 24, இரவு 7:00

மன்னவனூரிலிருந்து அந்தத் திசை என்றால் வட்டவடைப் பக்கம். அங்கே மலை ரோடு உண்டு. மாசி, பங்குனி என்றால் காட்டுத்தீ வைக்கும் காலமும்கூட.

கோத்தகிரி மேகம் | ஆகஸ்ட் 24, இரவு 7:25

ரோடாகவும் இருக்கலாம், தீயாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். தயவுசெய்து ஒன்றைப் பிடித்து முத்திரை குத்த வேண்டாம்.

கானல் டீச்சர் | ஆகஸ்ட் 24, இரவு 8:40

குத்த மாட்டோம். வருகிற மாசியில் அதே பாறையில், இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்துக்கு, சித்தப்பா சம்மதித்தால் நானும் வருகிறேன். தம்பி, பாறையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள், 250ஐ நோக்கி.